எங்கள் வாழ்வின் நோக்கம் எது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டு காணும் ஒரு சங்கத்தின் விழாவிலே பேசுவதற்கு என்னைவிட மூத்தவர்கள், தகுதியானவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். ஆனாலும் செயற்குழு என்னைக் கேட்டது. "நீங்கள் ஒரு வைத்தியர், பிள்ளைகளுக்கு ஊக்கமாக ஏதாவது சொல்ல வேணும்" என்றார்கள். அவர்கள் தந்த தலைப்பு, வாழ்வின் உண்மையான நோக்கத்தைக் கண்டறிதல். மிகப் பெரிய தலைப்பு. நான் தத்துவம் படித்தவள் இல்லை. இருபது வருடமாக நோயாளருக்கு எதிரே ஒரு கதிரையில் இருந்து கற்றுக்கொண்டதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இந்தக் கேள்வியோடு என்னிடம் இரண்டு விதமானவர்கள் வருகிறார்கள். முதலாவது, உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு வருகிற பிள்ளைகள். தலையிடி, நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று தாய்மார் கூட்டிக்கொண்டு வருவார்கள். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதைத்தால், "டொக்டர், எனக்கு மெடிசின் கிடைக்கேல்லை. இனி நான் என்னத்துக்கு?" என்று அந்தப் பிள்ளை கேட்கும். இரண்டாவது, ஐம்பது வயது தாண்டிய அம்மாமார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வீட்டில் ஐந்து அறை, ஆள் ஒருவர். அவர்களும் வேறு வார்த்தையில் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எல்லாம் முடிஞ்சுது பிள்ளை. இனி என்னத்துக்கு?"

பத்தொன்பது வயதிலும் ஐம்பத்தொன்பது வயதிலும் ஒரே கேள்வி வருகிறது என்றால், நாங்கள் இந்த "நோக்கம்" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற விதத்திலே ஏதோ ஒரு குறை இருக்கிறது. எங்கள் ஊரில் சாதாரண தரம் முடிந்த கையோடு, பதினாறு வயதில், உயிரியலா கணிதமா வர்த்தகமா கலையா என்று ஒரு படிவத்தில் அடையாளமிடுகிறோம். அந்த அடையாளத்தோடு வாழ்க்கையின் நோக்கமும் முடிவாகிவிட்டதாக எண்ணுகிறோம். பிறகு இசட் புள்ளி வந்து, அந்த நோக்கம் உனக்கு உண்டு, உனக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறது. ஒரு பரீட்சைக்கு அவ்வளவு பெரிய அதிகாரத்தை யார் கொடுத்தது?

இதற்கு விடை தேடும்போது எனக்கு ஒரு பெண்ணின் கதை துணை செய்கிறது. அவர் வேலூரில் வாழ்ந்தவர். ஆனால் அவருடைய குடும்பத்தின் கதை தொடங்குவது எங்கள் குடாநாட்டில்தான். நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த ஜோன் ஸ்கடர் என்ற வைத்தியர் அமெரிக்க மிஷனோடு இலங்கைக்கு வந்து, 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தார். பின்னர் 1836இல் சென்னைக்குப் போனார். அவருடைய பிள்ளைகளும் தமிழ்நாட்டிலே மிஷன் பணியில் ஈடுபட்டார்கள். அந்தக் குடும்பத்தில் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்த பேத்திதான் ஐடா ஸ்கடர்.

ஐடாவுக்கு இந்தியாவில் இருக்க விருப்பமே இருக்கவில்லை. சிறு வயதில் பஞ்சத்தைக் கண்டவர். பெற்றோரைப் பிரிந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். தாத்தா, தகப்பன், சித்தப்பன், பெரியப்பன் எல்லோரும் போன வழியில் தான் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். 1890இல் திண்டிவனத்தில் தாயாருக்குச் சுகமில்லை என்ற செய்தி கேட்டு, கொஞ்சக் காலம் உதவிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு இரவு கதவு தட்டப்பட்டது. வெளியே ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வேதனை, நிலைமை மோசம், நீங்கள் வர வேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார்தான் வைத்தியர், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் ஒருவர் என் மனைவியைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதே இரவில் ஒரு இஸ்லாமியர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பினார். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. தகப்பன் பக்கத்து அறையில் இருந்தார். மருந்து இருந்தது. அறிவு இருந்தது. ஒரு பெண் வைத்தியர் மட்டும் அங்கே இல்லை.

ஐடா அமெரிக்கா திரும்பினார், மருத்துவம் படிப்பதற்காக. பென்சில்வேனியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் பெற்றோரின் வீட்டிலேயே ஒரு சிறிய அறையில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு வைத்தியசாலை எழுந்தது. 1909இல் தாதியர் பயிற்சிப் பாடசாலை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை. எங்கள் ஊரிலிருந்து இன்றைக்கும் எத்தனையோ பேர் வைத்தியத்துக்காகப் போய்வருகிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதுதான். 1960இல் அவர் மறையும்வரை அந்தப் பணி தொடர்ந்தது.

இந்தக் கதையை மேடைகளில் சொல்லும்போது வழக்கமாக "அந்த ஒரே இரவில் அவர் தன் நோக்கத்தைக் கண்டுகொண்டார்" என்று முடித்துவிடுவார்கள். வைத்தியராக நான் வாசிக்கும்போது எனக்கு வேறு மூன்று விஷயங்கள் தெரிகின்றன.

முதலாவது, ஐடா தன் நோக்கத்தைத் தேடிக்கொண்டு இருக்கவில்லை. கண்ணை மூடி உள்ளே பார்த்து அவர் அதைக் கண்டெடுக்கவில்லை. ஒரு தேவை வாசலில் வந்து நின்றது. தன் கையிலே அதற்கு உதவி இல்லை என்பதும் அப்போதே தெரிந்தது. அந்த இரண்டும் சந்தித்த இடத்தில்தான் நோக்கம் பிறந்தது.

இரண்டாவது, அந்த இரவுக்கும் அந்தச் சிறிய அறைக்கும் இடையில் ஏறக்குறைய பத்து வருடங்கள். உணர்ச்சி ஒரு இரவில் வரும். உடற்கூற்றியலும் இரசாயனமும் ஒரு இரவில் வரமாட்டா. மனம் உருகியதை ஒரு திறமையாக மாற்றுகிற அந்த நீண்ட, சலிப்பான வருடங்களைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை. மாணவச் செல்வங்களே, இன்றைக்கு நீங்கள் இருக்கிறது அந்த வருடங்களில்தான்.

மூன்றாவது, அவர் கண்டுகொண்ட நோக்கம் அப்படியே நிற்கவில்லை, வேலையோடு சேர்ந்து வளர்ந்தது. முதலில் தான் வைத்தியராக வேண்டும் என்பது. பிறகு ஒருவர் போதாது, தாதியர் வேண்டும் என்பது. அதன் பிறகு இந்தப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்பது. 1890இல் அந்த இருபது வயதுப் பெண்ணிடம் உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தால், ஒரு மருத்துவக் கல்லூரியைப் பற்றி அவர் சொல்லியிருக்க முடியாது. வேலைதான் அடுத்த வேலையை அவருக்குக் காட்டியது.

இதையே மானிப்பாயிலும் காணலாம். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் மதம் பரப்பவும் நோய் மாற்றவும் வந்தவர். வந்து பார்த்தால், ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் கற்பித்தால் ஊருக்குப் பயன் போதாது என்று கண்டபோது, தமிழைக் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே கற்பித்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். 1873இல் ஊர் திரும்பிய பிறகும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. நோய் மாற்ற வந்தவர் கலைச்சொல் ஆக்கியவராக முடிந்தார். அதைத் திட்டமிட்டு யாரும் கப்பல் ஏறுவதில்லை.

எங்கள் நீர்வேலிக்குப் பெயர் தந்த சங்கர பண்டிதரையும் இந்த இடத்திலே நினைக்கிறேன். 1829இல் பிறந்து 1870இல் மறைந்தவர். என் வயதுக்கு முன்னமே போய்விட்டார். தமிழும் சமஸ்கிருதமும் சைவமும் கற்பதும் கற்பிப்பதுமே அவருடைய வாழ்வு. பட்டமும் பதவியும் இல்லாமலே ஒரு கிராமத்தின் பெயர் ஒரு ஆசிரியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இனி ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐடாவின் கதையைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் டொக்டராக வேணும்" என்று எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்த மூன்று பெண்களைப் போல எங்கள் நாட்டில் இறந்துகொண்டிருந்தவர்களை யார் காப்பாற்றினார்கள் என்று பாருங்கள். 1946இல் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய காலத்தில் அந்த எண் 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. எங்களைவிடப் பணக்கார நாடுகள் பலவும் வியந்து பார்க்கிற இறக்கம் இது. இலவச வைத்தியம், புதிய மருந்துகள், இரத்த வங்கி, மலேரியாக் கட்டுப்பாடு, பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வீடு வீடாகப் போனவர் யார்? குடும்பநல உத்தியோகத்தர். எங்கள் அம்மாமார் "மிட்வைஃப் அம்மா" என்று சொல்கிறவர்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பெண்கள் சைக்கிளிலும் நடையிலும், இன்றைக்கு ஸ்கூட்டியிலும், படலை படலையாகப் போகிறார்கள். கர்ப்பவதியின் பெயரைப் பதிவார்கள், இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார்கள், கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்பார்கள், கிளினிக்குக்கு வராதவளை வீட்டுக்கே போய்க் கூப்பிடுவார்கள். திண்டிவனத்தில் தேவை வந்து கதவைத் தட்டியது. இங்கே இவர்கள் போய்த் தேவையின் கதவைத் தட்டுகிறார்கள். இறக்காமல் போன தாய்க்கு அஞ்சலிக் கூட்டம் இல்லை, பத்திரிகைச் செய்தி இல்லை. அதனால் அவளைக் காப்பாற்றியவருக்கும் மாலை இல்லை. என்னுடைய வாட்டில் ஒரு தாய் பிள்ளையோடு சுகமாக வீட்டுக்குப் போகும்போது, அதில் என் பங்கு கடைசிச் சில மணித்தியாலம்தான். அதற்கு முந்திய மாதங்கள் அந்த மிட்வைஃப் அம்மாவுடையவை.

இந்த மண்டபத்தில் அப்படியான அம்மா ஒருவர் இருந்தால், அவரும் எங்கள் பாடசாலையின் பழைய மாணவி என்றால், இந்த மேடையில் என் இடத்தில் நிற்கிற தகுதி அவருக்கு உண்டு. வெள்ளைக் கோட்டு ஒரு உடுப்பு. அதை நோக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள்.

என் வகுப்புத் தோழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாங்கள் அப்போது சாதாரண தர வயதுப் பிள்ளைகள். அடுத்த வருடம் சனங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வகுப்பு பழைய வகுப்பாக இருக்கவில்லை. சிலர் வன்னிக்குப் போனார்கள். சிலர் கடல் கடந்து போனார்கள். சிலர் இன்று இல்லை. அவர்களையும் இந்த நூற்றாண்டில் நினைவுகூருகிறேன்.

அந்த வகுப்பிலே என்னோடு ஒரே வாங்கில் இருந்த ஒருத்தி என்னைவிடக் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரி. அவள் டொக்டர் ஆவாள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வன்னியில் பல இடம் மாறியதில் அவளுடைய படிப்பு நின்றது. அகதி முகாமில் சும்மா அலைந்த சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மரத்துக்குக் கீழே இருத்தி, மணலில் "அ" எழுதக் காட்டினாள். இன்றைக்கு அவள் ஒரு முன்பள்ளி ஆசிரியை. சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு தொகை வாங்குகிறாள். போன வருடம் கதைக்கும்போது, "உனக்கு அந்தக் கவலை இல்லையோ?" என்று கேட்டேன். "இருக்கு. இல்லையெண்டு சொன்னால் பொய். ஆனால் காலமை பிள்ளையள் வந்து காலைக் கட்டிப் பிடிக்கேக்க அந்தக் கவலைக்கு நேரமில்லை" என்றாள்.

இந்தப் பதிலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவளுக்கு நடந்தது அநியாயம். அது அவளுக்கு நல்லதற்குத்தான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். போர் யாருக்கும் நோக்கத்தைப் பரிசாகத் தருவதில்லை. ஆனால் இழப்பையும் வேலையையும் அவள் ஒரே கையில் சேர்த்து வைத்திருக்கிறாள். இழந்ததற்குக் கவலைப்பட்டுக்கொண்டே நோக்கத்தோடு வாழ முடியும் என்பதை நான் எந்த மருத்துவப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அவளிடம்தான் படித்தேன்.

பெண்களாகிய எங்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. தேவை வாசலில் வந்து நிற்கும் என்று சொன்னேன். எங்கள் வாசலில் எப்போதும் ஒரு தேவை நிற்கத்தான் செய்யும். சமையல், மாமியாருக்கு மருந்து, தம்பியின் படிப்புக்குக் காசு. "குடும்பத்துக்கு உழைக்கிறதுதான் உன்ர பிறவிப் பயன்" என்று மற்றவர்கள் எங்கள் தலையில் ஏற்றிவிட்டுப் போவார்கள். விரும்பி எடுத்த சுமைக்கும் ஏற்றிவிடப்பட்ட சுமைக்கும் வித்தியாசம் உண்டு. அதை எப்படிக் கண்டறிவது? நான் என் நோயாளரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதை நாளைக்கு வேறொருவர் செய்ய ஏற்றால், உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா, எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்குமா?" ஆறுதல் மட்டும்தான் என்றால் அது கடமை. கடமையைச் செய்யுங்கள், ஆனால் வீட்டார் எல்லோரோடும் பங்கிட்டுச் செய்யுங்கள். பறிகொடுத்த மாதிரி இருந்தால் அங்கே உங்களுடைய ஏதோ ஒன்று இருக்கிறது. அதை விடாதீர்கள்.

இன்னொன்று, இதை வைத்தியராகச் சொல்கிறேன். எதிலும் பிடிப்பில்லை, விடிந்தால் எழும்ப மனமில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வாரக்கணக்கில் தொடர்ந்தால், அது நோக்கம் இல்லாததால் வந்தது என்று எண்ணி உபதேசம் கேட்கப் போகாதீர்கள். அது மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது, சுகம் வரும். பெறுபேறு வருகிற நாட்களில் வீட்டில் பிள்ளை பேசாமல் ஒதுங்கி இருந்தால், "என்ன யோசிக்கிறாய்?" என்று பக்கத்தில் போய் இருந்து கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கவும் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மனதில் இருப்பது வெளியே வர வழி கிடைக்கும். பிறகு தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். இசட் புள்ளியைப் பற்றிப் பிறகு ஆறுதலாகக் கதைக்கலாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் நோக்கம் என்ன என்று பதினாறு வயதில் தெரியவில்லை என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. நீர்வேலி வாழைக்குப் பெயர் போன ஊர். வாழை வைக்கிற எவரும் குட்டியை நட்டுவிட்டு அடுத்த நாள் கிண்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் விடுவார்கள், பசளை போடுவார்கள், காற்றுக்கு முட்டுக் கொடுப்பார்கள். குலை தன் நேரத்தில் வரும். கையில் இருக்கிற பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். பக்கத்தில் இருக்கிறவளுக்கு விளங்காததைச் சொல்லிக் கொடுங்கள். எந்த வேலை செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை, எந்த அநியாயத்தைக் கண்டால் உங்களால் சும்மா இருக்க முடியவில்லை என்று கவனித்து வையுங்கள். அந்த இரண்டும் பிற்காலத்தில் உங்களுக்கு வழி காட்டும்.

பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கிற அக்காமாரே, உங்கள் வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? ஒரு நோக்கம் முடிந்தால் இன்னொன்று தொடங்க இடம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் வாசிப்புச் சொல்லிக் கொடுக்க உங்களுக்குப் பட்டம் தேவையில்லை. உங்கள் அந்த ஐந்து அறை வீட்டில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் போதும்.

தூர தேசங்களில் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகிற சகோதரிகளே, நீங்கள் பாடசாலைக்குச் செய்கிற பண உதவிக்கு நன்றி. அதோடு உங்கள் நேரத்தையும் கேட்கிறேன். ரொறன்ரோவில் கணக்காளராக, பரிஸில் சமையற்கூடத்தில், சிட்னியில் முதியோர் இல்லத்தில் நீங்கள் செய்கிற வேலையைப் பற்றி மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் ஒரு மாணவியோடு பேசுங்கள். எப்படி அந்த வேலைக்கு வந்தீர்கள், எங்கே வழி மாறியது, எது உங்களைத் தாங்கியது என்று சொல்லுங்கள். உலகத்தில் பாடப் பிரிவுகளுக்கு வெளியேயும் மரியாதையான வாழ்க்கை உண்டு என்பதை எங்கள் பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்கட்டும். சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டுக்கு இதை ஒரு முதல் வேலையாக எடுக்கலாம் என்று செயற்குழுவிடம் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன். முதலாவது பெயராக என்னுடைய பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கற்பித்த ரீச்சர்மார் பலர் செல்விழுந்த நாட்களிலும் வந்து இடாப்புக் கூப்பிட்டார்கள். தங்களுடைய வாழ்வின் நோக்கம் இதுதான் என்று அவர்கள் ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை. வந்தார்கள், கற்பித்தார்கள், அடுத்த நாளும் வந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.